குதிரையேற்ற ஆசான்

மனிதன் பழக்கிய விலங்குகளுள் ஆடும் மாடும் அவனுக்கு உணவளித்தன. நாய் காவல் புரிந்தது. குதிரையோ அவனுக்கு விரைவை அளித்தது. நீராவி வண்டியும் மோட்டார் வண்டியும் தோன்றும்வரை, நிலத்தின்மேல் விரைந்து செல்ல விரும்பியவன் பெரிதும் குதிரையின் கால்களையே நம்பி வாழ்ந்தான். இன்று போர்க்களத்திலும் பெருவழியிலும் குதிரைக்கு இருந்த இடம் குறைந்துவிட்டது. ஆயினும் குதிரையேற்றம் என்னும் கலை மறைந்துவிடவில்லை. விளையாட்டாகவும், உடற்பயிற்சியாகவும், உடற்குறையுற்றோர்க்கு உறுதுணையாகவும் அது உலகின் பல நாடுகளில் வளர்ந்து வருகிறது. அக்கலையைக் கற்பிக்கும் ஆசான் எவ்வாறு உருவாகிறார்? அவர் தகுதியுடையவர் என்பதை உறுதி செய்பவர் யாவர்? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண்பதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

குதிரையைப் பெறுவது வேறு. குதிரையை அறிந்தவரைப் பெறுவது வேறு. இவ்வுண்மைக்கு நம் நாட்டு வரலாறே சான்று பகரும். காவிரிப்பூம்பட்டினத்தில் குதிரைகள் கடல்வழியாக வந்து இறங்கிய செய்தியைப் பட்டினப்பாலை கூறுகிறது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டைக் கண்டு சென்ற வெனிசு நகரத்து மார்க்கோ போலோ, ஆண்டுதோறும் பெரும்பொருள் கொடுத்து அயல்நாட்டுக் குதிரைகள் இங்கே வாங்கப்பட்டதையும், அவற்றுட் பெரும்பாலானவை ஓராண்டு நிறைவதற்குள் மடிந்து போனதையும் எழுதிவைத்துள்ளார். அவற்றைப் பேணத் தெரிந்தவர் இங்கு இல்லாமையே அதற்குக் காரணம் என்பது அவர் கூற்று. குதிரை வாணிகர் தம் ஊதியத்தைக் கருதி, குதிரை மருத்துவம் அறிந்தோரைத் தம்முடன் வரவிடுவதில்லை என்றும் அவர் குறித்துள்ளார். பொன் கொடுத்துக் குதிரையை வாங்கலாம். அறிவில்லாத இடத்தில் அப்பொன் முழுவதும் வீணாகும் என்பதை இதனால் அறிகிறோம்.

இனி, குதிரையின் இயல்பைச் சிறிது நோக்குவோம். நன்கு வளர்ந்த குதிரை ஏறத்தாழ 500 கிலோ எடை உடையது. இத்துணைப் பேருடல் படைத்திருந்தும் அஃது இயல்பில் அச்சமுள்ள விலங்காகும். புல்வெளியில் மேய்ந்து, கொடுவிலங்குகளுக்குத் தப்பி ஓடியே உயிர் வாழ்ந்த இனம் அது. அதன் கண்கள் தலையின் இருமருங்கிலும் அமைந்திருத்தலால், சுற்றிலும் பெரும்பகுதியை ஒரே நேரத்தில் காண வல்லது. ஆனால் நெற்றிக்கு நேர்முன்னே மிக அருகிலும், வாலுக்கு நேர்பின்னேயும் அதற்குப் பார்வை இல்லை. ஆகவே பின்புறமாகத் திடீரென்று நெருங்குபவனை அது பகைவன் என்றே கருதி உதைக்கும். காற்றில் பறக்கும் ஒரு காகிதத் துண்டும் அதனை மிரளச் செய்தல் கூடும். இதை அறியாத சிறுவன் ஒருவனைக் குதிரையின்மேல் ஏற்றி விடுதல், நீந்தத் தெரியாதவனை ஆழ்ந்த மடுவில் இறக்கி விடுவதை ஒக்கும்.

இடர் ஏறுபவனுக்கு மட்டும் அன்று. வாய்பேசாத குதிரைக்கும் இடர் உண்டு. பொருந்தாத சேணம் அதன் முதுகைப் புண்ணாக்கும். கடிவாளத்தை வன்மையாக இழுக்கும் கை அதன் வாயைக் காயப்படுத்தும். தனக்கு நேர்ந்த துன்பத்தை அது சொல்லாது. காதைப் பின்னோக்கி மடித்தும், வாலை வீசியும், தலையை உதறியும் உணர்த்தும். அக்குறிப்பை உணர வல்லவரே குதிரையேற்ற ஆசானாதற்கு உரியர். பிற ஆசிரியர்க்கு முன்னே மாணாக்கர் மட்டுமே இருப்பர். இவருக்கோ மாணாக்கரும் குதிரையுமாக இரண்டு உயிர்கள் ஒரே நேரத்தில் பொறுப்பாகின்றன.

‘நன்றாகக் குதிரை ஏறத் தெரிந்தவர் நன்றாகக் கற்பிக்கவும் மாட்டாரோ?’ என்று சிலர் வினவலாம். ஏறுதல் ஒரு திறம். கற்பித்தல் மற்றொரு திறம். நன்னூல் ஆசிரியர் பவணந்தி முனிவர், நல்லாசிரியர்க்கு நிலத்தையும், மலையையும், நிறைகோலையும், மலரையும் உவமையாகக் காட்டினார். நிலத்தைப் போன்ற பொறுமையும், மலையைப் போன்ற அசையாத கல்விப் பெருமையும், துலாக்கோலைப் போன்ற நடுநிலைமையும், மலரைப் போன்ற மென்மையும் ஆசிரியர்க்கு வேண்டும் என்பது அதன் கருத்து. ஆசிரியர் ஆகாதார்க்குக் காட்டிய உவமைகளுள் பருத்திக் குண்டிகையும் ஒன்று. பருத்தி அடைத்த குடுவையிலிருந்து பஞ்சைச் சிறிது சிறிதாகவே வருந்தி எடுக்க வேண்டியிருப்பது போல, உள்ளத்தில் உள்ள அறிவை எளிதில் வெளிப்படுத்த மாட்டாதாரும் உளர். வெற்றிக் கோப்பைகள் பல வென்ற வீரரும் இவ்வகையினராக இருத்தல் கூடும். அதனாலேயே கற்பிக்கும் திறனைத் தனியாகப் பயிற்றவும், தனியாக ஆராயவும் வேண்டியதாயிற்று.

அவ்வாறு பயிற்றும் வழிகள் இரண்டு. ஒன்று, ஆசானுடன் பல்லாண்டுகள் வாழ்ந்து கற்கும் மரபுவழி. மற்றொன்று, பலரும் எழுதக்கூடிய பொதுத்தேர்வும் சான்றிதழும் கொண்ட முறை. முன்னதற்கு ஆஸ்திரியா நாட்டையும், பின்னதற்குப் பிரிட்டனையும் எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

ஆஸ்திரியாவின் தலைநகராகிய வியன்னாவில் ‘ஸ்பானியக் குதிரையேற்றப் பள்ளி’ என்னும் புகழ்பெற்ற நிலையம் ஒன்று உள்ளது. பள்ளி ஆஸ்திரியாவில் இருந்தும், அதற்கு ஸ்பானியப் பெயர் அமைந்தமைக்குக் காரணம், அங்கே முதன்முதலில் பயிற்றப்பட்ட குதிரைகள் ஸ்பெயின் நாட்டு இனத்தைச் சேர்ந்தவையாக இருந்தமையே. 1565ஆம் ஆண்டிலிருந்தே வியன்னா அரண்மனையை அடுத்த குதிரையேற்றத் திடலைப் பற்றிய குறிப்புகள் கிடைக்கின்றன. ஆறாம் சார்லஸ் பேரரசரின் காலத்தில், 1729ஆம் ஆண்டு தொடங்கி 1735ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட வெண்ணிற மண்டபத்திலேயே இன்றும் பயிற்சி நடைபெறுகிறது. அம்மண்டபத்துள் நுழையும் குதிரை வீரர் ஒவ்வொருவரும், அங்கே தொங்கும் அப்பேரரசரின் ஓவியத்துக்குத் தொப்பியை எடுத்து வணக்கம் செலுத்துவது வழக்கம்.

இப்பள்ளியில் பயிலும் குதிரைகள் லிப்பிசானர் என்னும் இனத்தன. பிறக்கும்போது கருமையாகவோ பழுப்பாகவோ இருக்கும் இக்குட்டிகள், வளர வளர வெண்மை எய்துகின்றன. பள்ளியில் புதிதாகச் சேரும் இளைஞர் எடுத்த எடுப்பிலேயே கடிவாளத்தைக் கையில் ஏந்துவதில்லை. லாயத்தைக் கூட்டுதலும், குதிரையைத் தேய்த்துத் தூய்மை செய்தலும், சேணத்தின் தோலைப் பேணுதலுமே அவருடைய தொடக்கப் பாடங்களாகும். ஏற்றம் பயிலத் தொடங்கிய பின்னரும், நெடுங்காலம் அங்கவடியும் இல்லை; கடிவாளமும் இல்லை. ஆசான் நடுவில் நின்று, நீண்ட வாரால் குதிரையைப் பிணித்து வட்டமாக ஓடச் செய்வார். மாணவர் அதன்மேல் தம் உடலின் சமநிலையை மட்டுமே துணையாகக் கொண்டு அமர்ந்திருத்தல் வேண்டும். கைக்குப் பற்றுக்கோடு இருந்தால், அச்சம் தோன்றியபோதெல்லாம் கை அதனையே இழுக்கும். அவ்விழுப்பு குதிரையின் வாயைத் துன்புறுத்தும். கையால் பற்றாமல் அமரக் கற்றவரிடமே கடிவாளம் ஒப்படைக்கப்படுகிறது.

இங்கே மற்றொரு நல்ல மரபும் உண்டு. நன்கு பழகிய முதிய குதிரை இளைய வீரருக்குக் கற்பிக்கும். நன்கு பழகிய முதிய வீரர் இளைய குதிரைக்குக் கற்பிப்பார். இருவரும் புதியவராக இருந்தால் ஒருவர் பிழையை மற்றவர் திருத்த இயலாது என்பதை அவர்கள் நன்கு உணர்ந்திருந்தனர். மாணவர் பல ஆண்டுகள் பயின்று துணை வீரர் நிலையை அடைந்தபின், பழக்கமற்ற இளங்குதிரை ஒன்று அவரிடம் ஒப்புவிக்கப்படும். அதனைத் தாமே பழக்கி, உயர்ந்த பயிற்சிகள் அனைத்தையும் செய்யும் நிலைக்குக் கொண்டு வந்து காட்டிய பின்னரே அவர் முழு வீரராக ஏற்றுக்கொள்ளப்படுவார். இதற்குப் பத்து ஆண்டுகளுக்கு மேலும் செல்வதுண்டு. அங்கே எழுத்துத் தேர்வினும் பெருந்தேர்வு அக்குதிரையே. அது செம்மையாக இயங்கினால் அதனைப் பழக்கியவர் தேறினார் என்பது பொருள். பள்ளியின் நுட்பங்களிற் பல, ஆசானின் வாய்மொழியாகவே தலைமுறை தலைமுறையாக வந்துள்ளன. நூற்றாண்டுகளாக ஆடவர்க்கே உரியதாயிருந்த அப்பள்ளி, 2008ஆம் ஆண்டில் பெண்களையும் மாணாக்கராக ஏற்றுக்கொண்டது. 2015ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் இப்பள்ளியின் குதிரையேற்றக் கலையை மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாக அறிவித்தது.

இம்முறை மிகச் சிறந்தது. எனினும் மிகச் சிலர்க்கே கிட்டுவது. ஊர்தோறும் குதிரையேற்றம் பயில விரும்பும் ஆயிரக்கணக்கான சிறுவர் சிறுமியர்க்கு இதனால் ஆசான்கள் கிடைத்தல் அரிது. ஆகவேதான் பொதுத்தேர்வு முறை தோன்றியது.

பிரிட்டனில் குதிரைகளை வாடகைக்கு விட்டும், குதிரையேற்றம் கற்பித்தும் பொருளீட்டும் நிலையங்கள் பல தோன்றின. அவற்றை நடத்துவோர் அனைவரும் ஒரே தரத்தினர் ஆகார். நோயுற்ற குதிரையை வாடகைக்கு விடுவோரையும், ஒன்றும் அறியாத சிறுவரிடம் குதிரைகளை ஒப்புவித்துச் செல்வோரையும் தடுத்தற்குச் சட்டம் வேண்டியிருந்தது. 1939ஆம் ஆண்டில் ஒரு சட்டமும், 1964ஆம் ஆண்டில் அதனினும் விரிவான சட்டமும் இயற்றப்பட்டன. பின்னைய சட்டத்தின்படி, உள்ளூராட்சி மன்றத்தின் உரிமம் இன்றி எவரும் இத்தொழிலை நடத்துதல் கூடாது. உரிமம் அளிக்குமுன், அந்நிலையத்தை நடத்துபவர் அனுபவத்தாலோ சான்றிதழாலோ தகுதியுடையவரா என்பதை மன்றம் ஆராய வேண்டும். கால்நடை மருத்துவரின் அறிக்கையும் பெறவேண்டும். 1970ஆம் ஆண்டில் செய்யப்பட்ட திருத்தம், மூன்று வயதும் அதற்குக் குறைந்த வயதும் உடைய குதிரைகளையும், நிறைசூல் கொண்ட குதிரைகளையும் இத்தொழிலில் ஈடுபடுத்தலாகாது எனத் தடுத்தது. 16 வயது நிரம்பாதவரிடம் நிலையத்தின் பொறுப்பை விடுதலும் குற்றமாயிற்று. இங்கிலாந்தில் 2018ஆம் ஆண்டு முதல் புதிய விதிகள் அதன் இடத்தைப் பெற்றுள்ளன. ஆயினும் உரிமம் வேண்டும் என்னும் அடிப்படை மாறவில்லை.

சட்டம் நிலையத்தைக் காக்கும், ஆசானை உருவாக்காது. அப்பணியை மேற்கொண்ட அமைப்புகளுள் முதன்மையானது, 1947ஆம் ஆண்டில் இரண்டு பழைய சங்கங்கள் ஒன்றாக இணைந்து தோன்றிய பிரிட்டிஷ் குதிரைக் கழகம் ஆகும். இக்கழகம் குதிரைப் பேணலையும், ஏற்றத்தையும், கற்பித்தலையும் படிப்படியாக வகுத்துத் தேர்வுகள் நடத்துகிறது. இன்றைய முறையில் ஐந்து படிநிலைகள் உள்ளன; அவற்றுக்கு மேலே ‘ஃபெல்லோ’ என்னும் உயர்தகுதி உண்டு. முதற்படியிற் பயில்வோர் குதிரையைத் தூய்மை செய்யவும், சேணமும் கடிவாளமும் பூட்டவும், பாதுகாப்பாக நடத்திச் செல்லவும், எளிய முறையில் ஏறிச் செல்லவும் கற்பர். மேற்படிகளில் தீவனம், நோய்க்குறிகள், குளம்புப் பேணல், உடற்கூறு, தடை தாண்டுதல், இளங்குதிரையைப் பழக்குதல் ஆகியன ஒன்றன்பின் ஒன்றாக வரும். குதிரையைப் பேணத் தெரியாதவர், எத்துணைத் திறம்பட ஏறினும், இத்தேர்வு முறையில் முழுத்தகுதி பெறுதல் இயலாது.

கற்பித்தல் தேர்வு எவ்வாறு நடைபெறும்? எழுத்தில் விடை எழுதிக் கொடுத்தால் மட்டும் போதாது. முன்பின் அறியாத மாணாக்கர் சிலரும் குதிரைகளும் தேர்வாளர்முன் நிறுத்தப்படுவர். தேர்வு எழுதுபவர் அவர்களுக்கு உண்மையாகவே பாடம் நடத்திக் காட்ட வேண்டும். முதலில் ஒவ்வொருவரின் தலைக்கவசமும் பொருத்தமாக இருக்கிறதா என்று பார்ப்பார். பின்னர்ச் சேணத்தைப் பிணிக்கும் வயிற்றுவார் தளர்ந்துள்ளதா என்று நோக்குவார். தளர்ந்த வாரினால் சேணம் சரிந்து, ஏறுபவர் வீழ்வர். அங்கவடியின் நீளத்தையும் சரிபார்ப்பார். குதிகாலைத் தாழ்த்தியிருக்குமாறு ஒவ்வொருவர்க்கும் கூறுவார். அதற்குக் காரணம் உண்டு. குதிகால் உயர்ந்தால் பாதம் அங்கவடிக்குள் நழுவிப் புகும். அந்நிலையில் வீழ்ந்தவரைக் குதிரை இழுத்துக்கொண்டே ஓடும்.

பாடம் தொடங்கியபின், காதும் தோளும் இடுப்பும் குதிகாலும் ஒரே நேர்க்கோட்டில் அமைந்துள்ளனவா என்பதை ஆசான் பக்கவாட்டில் நின்று காண்பார். நடையில் நான்கு தாளமும், துள்ளோட்டத்தில் இரண்டு தாளமும், பாய்ச்சலோட்டத்தில் மூன்று தாளமும் கேட்கும். குதிரையின் நடையை ஐங்கதி என்று வகுத்த நம் முன்னோரும் இவ்வேறுபாடுகளை நுணுகி நோக்கியவர்களே. ஆசான் அத்தாளத்தைக் காதால் கேட்டே, குதிரை நொண்டுகிறதா, ஏறுபவர் தடுமாறுகிறாரா என்பதை உணர வேண்டும். குதிரைக்கும் குதிரைக்கும் இடையே போதிய தொலைவு இருக்கச் செய்வதும் அவர் கடமை; நெருங்கினால் பின்வருவதை முன்செல்வது உதைத்துவிடும். அஞ்சும் மாணவர்க்குத் துணிவும், அளவுகடந்து துணியும் மாணவர்க்கு அடக்கமும் அவர் ஊட்டவேண்டும். இவையனைத்தையும் கூர்ந்து நோக்கியே தேர்வாளர் மதிப்பிடுவர். முன்னாளில் இருந்த ஒரு முறைப்படி, தொடக்கக் கற்பித்தல் தேர்வில் தேறியவரும், பின்னர் 500 மணி நேரம் கற்பித்ததைப் பதிவேட்டில் காட்டிய பின்னரே துணைப் பயிற்சியாளர் என்னும் சான்றிதழைப் பெற்றனர்.

சான்றிதழ் பெற்றதோடு கடமை முடிந்துவிடுவதில்லை. கழகத்தின் அங்கீகாரம் பெற்ற பயிற்சியாளர் பட்டியலில் பெயர் நிலைக்க வேண்டுமாயின், முதலுதவிச் சான்றிதழைக் காலாவதியாகாமல் புதுப்பித்து வரவேண்டும்; சிறுவர்களின் பாதுகாப்புப் பற்றிய பயிற்சி பெறவேண்டும்; குற்றப் பின்னணி இல்லை என்பதற்குச் சான்று காட்ட வேண்டும்; காப்பீடு பெற்றிருக்க வேண்டும்; புதிய அறிவைத் தொடர்ந்து கற்றுவரவும் வேண்டும். நேற்றுக் கற்றவர் என்பதனாலேயே இன்றும் வல்லவர் என்று கொள்ளுதல் ஆகாது என்பதே இவ்விதிகளின் உட்பொருள்.

பிற நாடுகளிலும் இத்தகைய ஏற்பாடுகள் உள்ளன. பிரான்சு நாட்டில் ஊதியம் பெற்றுக் குதிரையேற்றம் கற்பிப்பவர், அரசு ஏற்றுக்கொண்ட தகுதியைப் பெற்றிருத்தல் வேண்டும் என்பது சட்டம். ஜெர்மனியில் குதிரை வளர்ப்பும் பயிற்சியும் முறையான தொழிற்கல்வியாக அமைந்துள்ளன. அக்கல்வி பொதுவாக மூன்று ஆண்டுகள் நடைபெறுகிறது. ஒரு நாட்டில் பெற்ற தகுதியை மற்றொரு நாட்டார் ஒப்பிட்டு அறிதற்காக, பல நாட்டுச் சங்கங்கள் கூடிப் பயிற்சியாளர்க்குரிய பன்னாட்டுத் தகுதிச் சீட்டு ஒன்றையும் வகுத்துள்ளன.

இத்துணைக் கவனமும் மிகையோ என்று எண்ணற்க. டென்மார்க் நாட்டு லிஸ் ஹார்டெல் என்னும் பெண்மணியின் வரலாறு இதற்கு விடை கூறும். 1944ஆம் ஆண்டில் அவரை இளம்பிள்ளை வாதம் தாக்கியது. முழங்காலுக்குக் கீழ் அவருடைய கால்கள் செயலிழந்தன. பிறர் உதவியின்றிக் குதிரைமேல் ஏறவும் அவரால் இயலாது. ஆயினும் விடாமுயற்சியோடு பயின்று, 1952ஆம் ஆண்டில் ஹெல்சிங்கி ஒலிம்பிக் போட்டியில் வெள்ளிப் பதக்கம் வென்றார். 1956ஆம் ஆண்டிலும் மற்றொரு வெள்ளிப் பதக்கம் பெற்றார். அவர் வெற்றியைக் கண்ட பலர், உடற்குறையுடையோர்க்குக் குதிரையேற்றம் கற்பிக்க முற்பட்டனர். பிரிட்டனில் 1969ஆம் ஆண்டில் அதற்கெனத் தனிச் சங்கமே அமைந்தது. தம் கால்களால் நடக்க இயலாத குழந்தை, குதிரையின் கால்களால் உலகை வலம்வரும் இன்பத்தைப் பெறுகிறது. அக்குழந்தையைத் தாங்கி நிற்கும் ஆசான் கற்றவராக இருத்தல் மட்டும் போதுமா? பவணந்தியார் கூறிய நிலத்தின் பொறுமையும் மலரின் மென்மையும் அவர்க்கு எத்துணை இன்றியமையாதன என்பதைச் சொல்லவும் வேண்டுமோ!

ஓலையும் தாளும் ஒருவரை ஆசான் ஆக்கிவிடா என்று சிலர் கூறுவர். அதில் உண்மை இல்லாமல் இல்லை. சான்றிதழ் பெற்றும் அன்பற்றவராக இருப்பவர் உண்டு. சான்றிதழ் இன்றியே குதிரையின் உள்ளத்தை அறிந்த முதியோரும் உண்டு. ஆனால் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு நிலையத்தின் வாயிலில் நிற்கும் தாய், அங்குள்ள ஆசானின் உள்ளத்தை ஒரு நொடியில் எவ்வாறு அறிவாள்? அறிந்தோர் பலர் ஆராய்ந்து ஒப்பிய சான்று அவளுக்கு ஓர் ஊன்றுகோலாகும். மேலும், வாடகைக்கு நிற்கும் குதிரை தன்மேல் ஏறுபவரையும், தன்னை ஆள்பவரையும் தேர்ந்தெடுத்தல் இயலாது. அதற்காகத் தேர்ந்தெடுக்க வேண்டியவர் மனிதரே. மரபுவழிப் பயிற்சி ஆழத்தைத் தருகிறது. பொதுத்தேர்வு நம்பிக்கையைப் பரவலாக்குகிறது. ஒன்று மற்றொன்றுக்குப் பகையன்று.

மாணவர்களே! ‘மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்கலாமா?’ என்னும் பழமொழியை நீவிர் அறிவீர். பார்வைக்குக் குதிரை போலத் தோன்றினும், நீரில் இறங்கியவுடன் அது கரைந்துபோகும். தகுதியில்லாத ஆசானும் அத்தகையவரே; இடர் நேராத வரையில் அவருக்கும் கற்றறிந்தவர்க்கும் வேறுபாடு தோன்றாது. எனவே நீச்சலாயினும், வண்டியோட்டுதலாயினும், குதிரையேற்றமாயினும், உயிரோடு தொடர்புடைய கலை எதனைக் கற்கப் புகுந்தாலும், ‘இவர் யாரிடம் கற்றார்? இவரைத் தகுதியுடையவர் என்று ஒப்பியவர் யார்?’ என்று பணிவோடு கேட்டறிதல் நும் கடமையாகும். நீவிரே பிற்காலத்தில் ஒரு கலையைக் கற்பிக்கும் நிலைக்கு வருவீராயின், அதே வினாக்களைப் பிறர் நும்மிடம் கேட்கும்போது, சினங்கொள்ளாது விடை கூறத்தக்கவாறு முன்னரே கற்றுத் தேறியிருத்தல் அதனினும் பெரிய கடமையாகும்.